பின்வாங்கிய படையும் ஒரு பானைச் சாமையும்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, எனக்குச் சர்க்கரை வியாதியா என்பது. பால் இல்லாமல் தேநீர் கேட்டதுதான் நான் செய்த குற்றம். எங்கள் நாட்டில் அதற்குப் ‘பிளேன் ரீ’ என்று பெயர். பால்குடி மறந்த பிள்ளைகூடக் குடிக்கும். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “பாலு இல்லாமயா? இன்னாங்க, சுகர் ஜாஸ்தியா?” என்றார். இல்லை, இலங்கை என்றேன். அதுவும் ஒரு வியாதிதான் என்பதுபோல ‘உச்’ கொட்டிவிட்டு, கறுப்புத் தேநீரில் மூன்று கரண்டி சீனியை அள்ளிப் போட்டுக் கொடுத்தார்.

நான் வன்னிக்காரி. நாற்பத்தொன்பது வயது. எங்கள் ஊரில் லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிற ஒரே பெண். லாண்ட்மாஸ்டர் என்றால் இரண்டு சக்கரமும் நீண்ட கைப்பிடியும் உள்ள உழவு இயந்திரம். பின்னால் பெட்டியைக் கொழுவினால் அதுவே வண்டி. சண்டைக் காலத்தில் அதுவே ஆம்புலன்ஸ், பல நாட்கள் அதுவே வீடு.

எங்கள் மேட்டுக்காணியைக் கண்ணிவெடி அகற்றிப் போன வருடம்தான் திருப்பித் தந்தார்கள். பதினொரு வீட்டுக்குப் பொதுவான நிலம். அந்த மண்ணில் நெல் நிற்காது, சாமைதான் நிற்கும். ஆனால் பழைய சாமை விதை ஊரில் ஒருவரிடமும் இல்லை. வேறெங்கோ இருந்து வந்த ஒரு சாமையை விதைத்துப் பார்த்தோம். முழங்கால் உயரம் வளர்ந்து, எங்கள் வெயிலைப் பார்த்ததும் படுத்துவிட்டது.

என் ஒன்றுவிட்ட தம்பி ரவி எட்டு வயதில் படகேறிப் போனவன். இப்போது கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு முகாமில் இருந்துகொண்டு பெயின்ட் வேலை பார்க்கிறான். கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வண்ணம் அடிக்கப் போனவன், அங்கே விளைந்த சாமையை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். சாம்பல் நிறம், முனையில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. எங்கள் சாமை மாதிரியே இருந்தது.

அதற்காகத்தான் வந்தேன். விதை கொண்டுபோக இரண்டு நாட்டு அனுமதித் தாள்களும் வாங்கியாயிற்று. இருபத்தைந்து கிலோ என்று அவற்றில் எழுதியிருக்கிறது. அந்த எண்ணை எழுதவைக்க நான் ஏறி இறங்கிய படிகளைச் சொன்னால் நீங்கள் கட்டுரையை இங்கேயே மூடிவிடுவீர்கள். ‘பழைய விதை இல்லாமற் போன காரணம்’ என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. ‘பின்வாங்கிய படையினரால் எரிக்கப்பட்டது’ என்று என் கையால் எழுதினேன். கையெழுத்துக் கொஞ்சம் கோணிவிட்டது.

ரவி என்னை ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கித் தந்தான். சாம்பார், ரசம், மோர் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றிக்கொண்டே போனார்கள். எங்கள் ஊரில் எல்லாக் கறியையும் ஒரே நேரத்தில் தட்டில் பார்த்துவிட்டால்தான் மனம் ஆறும். இங்கே அடுத்து என்ன வரும் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. ரவி நன்றாக இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டான். ‘என்ன’ என்பதையே மறந்துபோனான், எல்லாம் ‘இன்னா’தான்.

“அக்கா, மேல போயி பேரம் பேசாத. அவங்க வித விக்க மாட்டாங்க. கேட்டாதான் குடுப்பாங்க.”

“கேக்கத்தானே வந்தனான்.”

“அதில்லக்கா. நீ கேட்டா, அவங்க திருப்பி ஒண்ணு கேப்பாங்களாம். அதுக்கு பதில் சொல்லணுமாம். இன்னா கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் பெயின்ட் அடிக்கப் போனவன்.”

என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும் என்றேன். சும்மா திரும்பிப் போவதற்காக நான் கடல் தாண்டி வரவில்லை.

மறுநாள் காலை அவன் என்னை வெள்ளிமலைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் காலடியில் ஒரு கோழியை வைத்திருந்தார். கோழி என் செருப்பை நம்பித் தூங்கியது.

கச்சிராயபாளையத்தை நெருங்கும்போது புகை மணம் வந்தது. கரும்பு வெட்டிய வயலில் தோகையை எரித்துக்கொண்டிருந்தார்கள். வருடா வருடம் செய்கிற வேலை. பேருந்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் முன்இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். கோழிக்காரர், “வாந்தி வருதாம்மா? ஜன்னலாண்ட குனிஞ்சிக்கோ” என்றார்.

பின்வாங்குகிற படை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் மூன்று முறை கைமாறிய ஊர். யார் யார் என்று எழுதமாட்டேன். எழுதினால் அதைப் பற்றிச் சண்டை பிடிப்பீர்கள், சாமையை மறந்துவிடுவீர்கள். வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வந்தார்கள். போனவர்கள் ஒரே மாதிரித்தான் போனார்கள். குளக்கட்டை வெட்டினார்கள், தென்னைகளைத் தறித்தார்கள், களஞ்சியத்துக்குத் தீ வைத்தார்கள், கிணறுகளில் டீசல் ஊற்றினார்கள். எங்கள் கிணற்றுக்கு வந்த இளைஞன் மரியாதையானவன். தண்ணீர் அள்ளுவதென்றால் இப்போதே அள்ளிக்கொள்ளச் சொன்னான். இரண்டு வாளி அள்ளினேன். மூன்றாவதற்குக் கயிறு விடுமுன் ஊற்றிவிட்டான்.

பின்னால் வருகிற எதிரிக்கு எதுவும் கிடைக்கக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. பின்னால் வந்தவர்களோ மாவும் டின்மீனும் தண்ணீர்த் தாங்கியும் தாங்களே கொண்டுவந்தார்கள். எங்கள் சாமை அவர்களுக்கு எதற்கு? பசித்தது எங்களுக்கு மட்டும்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

கோமுகி அணை தெரிந்தது. கரை முழுசாக இருந்தது. அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். கரை முழுசாக இருப்பதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்கலாம்.

மலை ஏறத் தொடங்கிய நாலாவது வளைவில் பேருந்து புஸ்ஸென்று நின்றுவிட்டது. ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது. நடத்துனர் ஒரு காலி டப்பாவோடு ஒவ்வொரு இருக்கையாக வந்தார். “ஆளுக்கு கொஞ்சம் ஊத்துங்க. பாட்டில்ல கம்மியா இருந்தாலும் பரவாயில்ல. வண்டி போவணுமா, வாணாமா?” எல்லோரும் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினோம். கோழிக்காரர் மட்டும் கோழிக்கு வேண்டும் என்று மறுத்துவிட்டார். அரை மணி நேரத்தில் பேருந்து கிளம்பியது.

வெள்ளிமலையிலிருந்து ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனேன். ரவி வேலை செய்தபோது அவனுக்குச் சோறு போட்ட பொன்னியின் வீட்டில்தான் நான் தங்குவதாக ஏற்பாடு. பொன்னிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் கேரளத்தில் மிளகு பறிக்கப் போயிருக்கிறான். காடு, மாடு, இரண்டு பெண் பிள்ளைகள் எல்லாம் இவள் பொறுப்பு. சிரித்துக்கொண்டே வேலை செய்கிறவள், வேலை செய்துகொண்டே பேசுகிறவள்.

“வாங்கக்கா. ரவியண்ணன் போன் பண்ணுச்சு. மொதல்ல சாப்புடுங்க.”

சாமைச் சோறும் அவரைக் குழம்பும். ஒரு வாய் வைத்தேன். பதினாறு வருடத்துக்கு மேலாக என் நாக்குக்குத் தெரியாத ருசி. விழுங்க முடியாமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தேன். உப்புக் குறைவா என்று பொன்னி கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

சாப்பிட்ட பிறகு என்னைக் கூட்டிப்போய்த் தொம்பையைக் காட்டினாள். மூங்கிலால் பின்னி, சாணமும் மண்ணும் பூசி, கல் கால்கள்மேல் நிறுத்தி, கூரை வேய்ந்த தானியக் குதிர் அது. ஊருக்குப் பொதுவாக ஒன்று, வீட்டுக்கு வீடு ஒன்று. எங்களுடையதில் நெருப்பு வைத்தபோது கூரைதான் முதலில் பிடித்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

“வித கேட்டு வர்றவங்கள ஊர்க்கவுண்டரு ஒண்ணுதான் கேப்பாரு. உங்க வித இன்னாச்சுன்னு. வித்துட்டோம்னா குடுக்கமாட்டாரு. வெள்ளம் போச்சு, தீ தின்னுச்சு, பன்னி தின்னுச்சுன்னா மூட்டையா குடுப்பாரு.”

“நாங்களே சாப்பிட்டிட்டம் எண்டா?”

பொன்னி மாட்டுக்கு வைக்கோலை உதறிக்கொண்டிருந்தாள். “சாப்ட்டுட்டோம்னு யாருக்கா சொல்லுவாங்க?” என்றாள்.

அன்று சாயங்காலம் ஊர்க்கவுண்டர் சடையன் புளியமரத்தடியில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதுக்காரர், சட்டைப் பையில் இரண்டு போன்கள். அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் விதை கேட்டேன். அவர் கேட்டார்.

“உங்க வித இன்னாச்சுங்க?”

“பின்வாங்கிப் போன ஆக்கள் எரிச்சுப்போட்டினம்.”

புளி உடைக்கிற சத்தம் நின்றது. ஒரு பெண், “திங்காமயே எரிச்சாங்களா?” என்று கேட்டாள். எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று எரித்ததைச் சொன்னேன். கிணற்றையும் குளத்தையும் சொன்னேன். “எதிராளி திங்கக்கூடாதுன்னு ஊரு திங்கிறத எரிக்கிறதா? அது இன்னா சண்டைங்க?” என்றாள் அவள். சடையன் தலையை ஆட்டினார். “பன்னிகூட தின்னது போவ மிச்சத்த வுட்டுட்டுப் போவும். காலைல வாங்க, அளந்து தர்றேன்.”

அவ்வளவு சுலபமாக முடிந்தது. மறுநாள் காலை ஊர்த் தொம்பையைத் திறந்து, படி படியாக அளந்து, இருபத்தைந்து கிலோவை ஒரு சாக்கில் கட்டித் தந்தார். அடுத்த நாள் காலை ஜீப்பில் நான் இறங்கவேண்டியதுதான். சாக்கைப் பொன்னி வீட்டுக்குள் வைத்து அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தேன். வந்த காரியம் முடிந்த சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை.

மதியம் பொன்னியும் மற்றப் பெண்களும் காட்டுக்குப் போனார்கள். ஏர் போகாத சரிவுகளில் கொத்திக் கொத்தி விதைப்பதால் அதைக் கொத்துக்காடு என்கிறார்கள். வெட்டிக் காயப்போட்ட செடி செத்தைகளை எரித்து, மழை விழுந்ததும் அந்தச் சாம்பலில் விதைப்பார்கள். பொன்னி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். எங்கள் வன்னியிலும் காடு வெட்டி எரித்து விதைப்பது உண்டு. எனக்கு இதில் தெரியாதது ஒன்றும் இல்லை.

ஆனால் புகை சரிவிலிருந்து இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தபோது, நான் சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். எப்படி எழுந்தேன், எப்படித் தூக்கினேன் என்று நினைவில்லை. மாட்டுக் கொட்டிலின் பின்னால் எருக்குழி இருந்தது. அதில் சாக்கைப் போட்டு, இரண்டு கையாலும் எருவை அள்ளி அள்ளி மூடினேன். சாக்கின் வாய் மட்டும் தெரிந்தது. அதையும் மூடிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

“இன்னாக்கா பண்றீங்க?”

பொன்னி நின்றிருந்தாள். முகமெல்லாம் கரி, கையில் தீ அடிக்கிற பச்சைக் கிளை. முதலில் சிரித்தாள். பிறகு என் கைகளைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். கிளையைக் கீழே போட்டுவிட்டு, என்னோடு எருக்குழிக்குள் இறங்கிச் சாக்கைத் தூக்கினாள். தூக்கிய சாக்கின்மேல் உட்கார்ந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை யாருக்கும் சொல்லாதது.

படை பின்வாங்கப் போகிறது என்று தெரிந்ததும், பதினொரு வீட்டுக்காரர்களும் தங்கள் சாமை விதையை ஒரே பானையில் போட்டு என்னிடம் தந்தார்கள். என்னிடம்தான் வண்டி இருந்தது. அவர்கள் முன்னால் போனார்கள். பானையை நான் எருக்குவியலில் புதைத்தேன். களஞ்சியம் எரிந்தது, பானை எரியவில்லை. மறுநாள் அதைத் தோண்டி எடுத்து, என் அக்காவின் பிள்ளைகள் இரண்டையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அக்கா காயப்பட்டு, காயக்காரரை ஏற்றும் கப்பலில் கொண்டுபோகப்பட்டிருந்தாள்; சண்டை முடிந்த பிறகுதான் திரும்பி வந்தாள். பெண் பிள்ளைக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஆறு.

மூன்று மாதம் ஓடினோம். கடைசியில் பையன் அழுவதை நிறுத்திவிட்டான். பசியில் பிள்ளை அழாமல் இருப்பது எவ்வளவு மோசம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் பானையைத் திறந்தேன். உரல் இல்லை. கல்லில் வைத்துத் தேய்த்தேன், பாதி உமி போகவில்லை. அந்தக் கஞ்சியை ஒன்பது நாள் குடித்தோம். ஒரு பிடி விதையாவது மிச்சம் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். வைக்கவில்லை.

பிறகு ஊர்க்காரர்கள் கேட்டபோது, களஞ்சியத்தோடு பானையும் எரிந்துவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? எரித்துவிட்டுப் போனவர்கள் எல்லாவற்றையும்தானே எரித்தார்கள். என் பொய்க்கு அவர்கள் நெருப்பு நன்றாக உதவியது.

பொன்னி முகத்துக் கரியை முந்தானையால் துடைத்தாள். “அக்கா, நீங்க காலைல எறங்கிப் போய்ட்டா இங்க யாருக்கும் தெரியப் போறதில்ல. பதினோரு வூட்டுக்கு வேணும்ல?” என்றாள்.

உண்மைதான். இருபத்தைந்து கிலோ என்றால் எங்கள் மேட்டுக்காணி முழுவதற்கும் போதும். பொய் சொல்லி வாங்கிய விதை முளைக்காது என்ற மூடநம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை. அது நன்றாகவே முளைக்கும். பச்சைப் பசேலென்று காணி நிறைய நிற்கும். ஊர்ச் சனம் என் கையைப் பிடித்து நன்றி சொல்லும். அந்த நன்றியை வருடா வருடம் வாங்கிக்கொண்டு என்னால் நிற்க முடியாது. எருவைத் தட்டிவிட்டு, சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனேன்.

காட்டிலிருந்து திரும்பிய பெண்கள் கரி முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சடையனிடம் சொன்னேன். “நேற்று நான் சொன்னது பொய். எங்கட விதையை ஆரும் எரிக்கேல்ல. நான்தான் தின்னுட்டன்.” மிச்சத்தையும் சொன்னேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “புள்ளைங்க இன்னா ஆச்சு?”

“இருக்கினம். ரெண்டு பேரும் இருக்கினம்.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து, “அப்ப இது உங்க மூட்ட இல்லீங்க” என்றார். சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஊர்த் தொம்பைக்குள் கொட்டினார். சாமை விழுகிற சத்தம் சரசரவென்று கேட்டது. ஏன் வாயைத் திறந்தாய் என்று என்னை நானே திட்டினேன்.

“தின்னவங்களுக்கு ஊரு வித குடுக்கறதில்ல. வூடுதான் குடுக்கும். ஒவ்வொரு வாசலாப் போய் நிக்கணும். வூட்டுக்காரங்க உங்க வித இன்னாச்சுன்னு கேப்பாங்க. நீங்க பதில் சொல்லணும். மனசிருந்தா ஒரு கை அள்ளிக் குடுப்பாங்க. ஒரு வூட்டுக்கு ஒரு கைதான். யாரும் அப்டி வந்து கேட்டு நான் பாத்ததில்ல.”

“இஞ்ச எத்தினை வீடு இருக்கு?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “முப்பத்தி நாலு.”

“நாளைக்கு விடியத் தொடங்கிறன். எந்தப் பக்கத்தில இருந்து வரவேணும்?”

மறுநாள் காலை ஜீப் நான் இல்லாமல் போனது. வெறும் சாக்கோடு முதல் வாசலில் நின்றேன். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் வந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, முறைப்படி கேட்டாள். “உங்க வித இன்னாச்சுங்க?” நேற்று மரத்தடியில் அவளும் இருந்தாள். எல்லாம் கேட்டவள்தான். இருந்தும் கேட்டாள். “தின்னுட்டன்” என்றேன். அது போதாது என்பதுபோல நின்றாள். யாருடைய விதை, எத்தனை நாள், யார் யார் என்று முழுவதும் சொன்ன பிறகுதான் உள்ளே போய் ஒரு கை அள்ளி வந்தாள்.

இரண்டாவது வீட்டில் அழுதேன். ஐந்தாவது வீட்டில் அழவில்லை. எட்டாவது வீட்டுக்காரர், “உமியோடவா? தொண்டைய அறுக்குமே” என்று வருத்தப்பட்டு மோர் கொடுத்தார். ஒரு வீடு பூட்டியிருந்தது. புளி உலுக்கப் போனவர்கள் வரும்வரை ஒரு மணி நேரம் வாசலில் காத்திருந்தேன். இன்னொரு வீட்டில் என்னைவிட வயதில் இளையவள் ஒருத்தி, கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “தின்னவங்களுக்கு நான் குடுக்கறதில்ல. தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள். தப்பாக எடுக்கவில்லை. அவள் தொம்பை, அவள் கை. கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

இருபது வாசல் தாண்டியபோது ஒன்றைக் கவனித்தேன். தொடக்கத்தில் ‘படை எரித்தது, களஞ்சியம் எரிந்தது’ என்று நெருப்பிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். போகப் போக, ‘பதினொரு வீட்டுக்காரர் என்னை நம்பி ஒரு பானை தந்தார்கள்’ என்று ஆரம்பிக்கிறேன். எரித்தவர்களை நான் மன்னித்துவிடவில்லை. அவர்கள் செய்தது அவர்கள் கணக்கில் அப்படியே இருக்கிறது. நான் செய்ததையும் அதே கணக்கில் எழுதிவைத்திருந்தேன், அதை மட்டும் என் கணக்குக்கு எடுத்துக்கொண்டேன்.

கடைசி வாசல் பொன்னியுடையது. மூன்று நாள் சாப்பிட்டு, தூங்கி, குளித்த வீடு. அவள் அறியாதவளைப்போல வாசலில் வந்து நின்று, “உங்க வித இன்னாச்சுங்க?” என்றாள். சொன்னேன். ஒரு கை அள்ளி வந்து சாக்கில் போட்டாள். போட்டவள் உள்ளே போகவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

“போன வருசம் எங்க வூட்டு வித பன்னி தின்னுச்சுன்னு கவுண்டர்கிட்ட மூட்ட வாங்கினேன். எங்க வூட்டுக்காரருக்கு அப்ப வேல இல்ல, ரெண்டு மாசம் பணம் வரல.” உள்ளங்கையில் ஒட்டியிருந்த சாமையைச் சாக்குக்குள் தட்டிவிட்டாள். “பன்னி இல்லக்கா.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “முப்பத்தி மூணு வாசல் ஏறி எறங்க எனக்குத் தைரியம் இல்ல” என்றாள். முதல் இரண்டு வாசல்தான் கஷ்டம் என்றேன்.

வெள்ளிமலைக் கடையில் நிறுத்துப் பார்த்தேன். மூன்று கிலோ நானூறு கிராம். தாள்களில் இருபத்தைந்து என்று இருக்கிறது. குறைவாகக் கொண்டுபோவதை யாரும் தடுக்கமாட்டார்கள். முக்கால் ஏக்கருக்குப் போதும். அடுத்த போகம் பெருகும்.

இறங்குகிற பேருந்து மலையில் எங்கேயும் நிற்கவில்லை. கள்ளக்குறிச்சியில் அதே கடையில் போய் உட்கார்ந்தேன். அவர் மறக்கவில்லை. கேட்காமலே பாலில்லாத் தேநீர் போட்டார், அதே மூன்று கரண்டி சீனியோடு. என் மடியில் இருந்த சாக்கைப் பார்த்து, “இன்னாங்க வாங்கினு போறீங்க?” என்றார். சாமை விதை என்றேன். “ஏன், உங்க ஊர்ல இல்லியா?”

“இருந்தது. நான் தின்னுட்டன்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு போனை எடுத்து அக்காவின் மகளை அழைத்தேன். அன்று ஒன்பது வயதாக இருந்தவள்தான் இப்போது எங்கள் பதினொரு வீட்டுச் சங்கத்தின் செயலாளர். அந்த விண்ணப்பத்தில் என் கையெழுத்துக்குக் கீழே அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கஞ்சியைக் குடித்தவள். எரிந்தது என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்தவள். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

“விதை கிடைச்சிட்டுது. மூண்டரைக் கிலோவும் இல்லை,” என்றேன். “வந்து ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லப்போறன். பானை எரியேல்ல எண்டு.”

கடைக்காரர் தேநீரை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“நானும் வாறன், சித்தி,” என்றாள். “எத்தினை வீடு?”

“எங்கட வீட்டை விட்டா பத்து.”

“எங்கட வீட்டை விடவேண்டாம். அம்மாவுக்கும் எரிஞ்சதெண்டுதான் சொல்லியிருக்கு. முதல்ல அம்மாட்டப் போவம்.”